யாரோடு ஒப்பிட்டு? வீட்டுக்கல்விப் பரீட்சைச் சட்டங்களின் கதை

‘தரப்படுத்தல்’ என்பது ஈழத்தமிழருக்குக் கல்வியியல் கலைச்சொல் அல்ல; ஒரு காயத்தின் பெயர். 1970களின் தொடக்கத்தில் இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில், பரீட்சை எழுதிய மொழியைப் பொறுத்து வெட்டுப்புள்ளி மாறியது. மருத்துவ பீடத்துக்குச் சிங்களத்தில் எழுதியவருக்கு 400க்கு 229 புள்ளி போதுமாக இருந்தது. தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டியிருந்தது. பிறகு மொழிவாரியாகப் புள்ளிகளையே சரிக்கட்டும் முறை வந்தது. அதன் பின்னால் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இந்த இதழைப் படிப்பவர்களில் சிலருடைய அப்பாவோ மாமாவோ அந்த 21 புள்ளி இடைவெளியில் விழுந்து, அங்கிருந்து எழுந்து விமானம் ஏறியவர்களாக இருக்கலாம்.

ஆங்கிலக் கல்வியுலகம் ‘ஸ்டாண்டர்டைஸ்டு டெஸ்ட்’ என்று சொல்வதைத் தமிழில் எழுதப் போனால் அதே சொல்தான் வந்து நிற்கிறது: தரப்படுத்தப்பட்ட பரீட்சை. இரண்டும் ஒன்றல்ல. இலங்கையில் நடந்தது, எழுதி முடித்த பரீட்சையின் புள்ளியை மொழிக் குழுவுக்கேற்ப மாற்றி எடைபோட்டது. அமெரிக்கர் சொல்லும் பொருளில், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், ஒரே அறிவுறுத்தல். பிறகு எல்லாரையும் ஒரே குழுவோடு ஒப்பிடுவது. ஆனாலும் இரண்டின் அடியிலும் ஒரே கேள்வி கிடக்கிறது. ஒரு பிள்ளையின் எண்ணை யாருடைய எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது? அந்த ‘யார்’ என்பதை முடிவு செய்பவரின் கையில்தான் அதிகாரம் இருக்கிறது.

இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்த இடங்களில் ஒன்று வீட்டுக்கல்வி. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்கும் குடும்பங்களிடம் அரசு, ‘சரி, படிப்பியுங்கள், ஆனால் பரீட்சைக்கு உட்காரவையுங்கள்’ என்று சொன்ன வரலாறு அது. நம்மவர்களிலும் அந்த வழியைத் தேர்ந்த குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு மட்டும் உரிய கதையாக இதை நான் எழுதவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்புக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

*

பள்ளியைக் கட்டாயமாக்காமல் பரீட்சையை மட்டும் கட்டாயமாக்கலாம் என்ற எண்ணத்தைத் தெளிவாக எழுதிவைத்தவர் ஜோன் ஸ்டுவர்ட் மில். 1859இல் வெளிவந்த ‘சுதந்திரம் பற்றி’ என்ற நூலின் கடைசி அத்தியாயத்தில் அவர் ஒரு யோசனையை முன்வைக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று அரசு வற்புறுத்தலாம். ஆனால் படிப்பை அரசே தன் கையில் எடுத்துக்கொண்டால் எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்துவிடும். ஆகவே எங்கே, எப்படிப் படிப்பிப்பது என்பதைப் பெற்றோரிடம் விட்டுவிட வேண்டும். ஒரு குறிப்பிட்ட வயதில் பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறதா என்று சோதித்தால் போதும். தெரியாவிட்டால், தகுந்த காரணம் இல்லாத தகப்பனுக்குச் சிறு அபராதம் விதிக்கலாம். பிள்ளையை அவர் செலவிலேயே பள்ளியில் சேர்க்கலாம். பரீட்சையை ஆண்டுதோறும் நடத்தலாம். ஆனால் அது தகவல்களையும் அறிவியலையும் மட்டும் கேட்க வேண்டும். சமயத்திலும் அரசியலிலும் பிள்ளையின் நம்பிக்கை எது என்று கேட்கக்கூடாது.

மில் பள்ளிக்கே போகாதவர். அவருடைய தகப்பனார் ஜேம்ஸ் மில் இந்தியாவுக்கு ஒருமுறையும் வராமலே 1817இல் ‘பிரித்தானிய இந்திய வரலாறு’ எழுதியவர். தகப்பனும் மகனும் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். அந்த வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த மேசையின் மறுபக்கத்தில் மகனை உட்காரவைத்துத் தகப்பனார் பாடம் சொன்னார். மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன். 1873இல் வெளியான சுயசரிதையில் மில் ஒரு விடயத்தைக் குறிப்பிடுகிறார். மற்றப் பையன்களோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கத் தகப்பனார் விடவே இல்லை; மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அல்ல, ஒரு மனிதன் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய வேண்டும் என்பதையே அளவுகோலாக வைத்தார். தான் மற்றப் பிள்ளைகளைவிட மிகவும் முன்னால் இருப்பது மில்லுக்குத் தெரியவந்ததே பதினான்கு வயதில் வீட்டைவிட்டு வெளியே புறப்பட்டபோதுதான்.

அவர் முன்மொழிந்த பரீட்சையும் அதே வகையானது. ‘இந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா?’ என்பதுதான் கேள்வி. பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிட நன்றாக வாசிக்கிறதா என்று அது கேட்கவில்லை. ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாரும் அதில் சித்தியடையலாம். எல்லாரும் தவறவும் செய்யலாம். சுமார் 125 ஆண்டுகள் கழித்து அமெரிக்க மாநிலங்கள் வீட்டுக்கல்விக்குப் பரீட்சை விதித்தபோது, இந்தக் கேள்வி பல இடங்களில் வேறொன்றாக மாறியிருந்தது.

*

அமெரிக்காவில் கட்டாயக் கல்விச் சட்டத்தை முதலில் கொண்டுவந்த மாநிலம் மசாசூசெட்ஸ், 1852இல். கடைசியாகச் சேர்ந்தது மிசிசிப்பி, 1918இல். முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு, குடியேறிகள்மேல் இருந்த சந்தேகம் பள்ளிக்குள் நுழைந்தது. நெப்ராஸ்கா 1919இல் ஒரு சட்டம் போட்டது: எட்டாம் வகுப்பைத் தேறிவிட்டதாகச் சான்றிதழ் பெறாத எந்தப் பிள்ளைக்கும் அந்நிய மொழி கற்பிக்கக்கூடாது. பத்து வயதுப் பிள்ளை ஒன்றுக்கு ஜேர்மன் மொழியில் வாசிக்கக் கற்பித்ததற்காக, லூத்தரன் பள்ளி ஆசிரியர் ரொபேர்ட் மேயருக்கு 25 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1923இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கியது. தாய்மொழியைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது குற்றமாகாது என்ற அந்தத் தீர்ப்பின் நிழலில்தான், அமெரிக்காவில் இன்று நடக்கும் ஒவ்வொரு வாரஇறுதித் தமிழ் வகுப்பும் இருக்கிறது.

இரண்டு ஆண்டு கழித்து, 1925இல், இன்னொரு வழக்கு. எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்று ஒரிகன் மாநிலம் 1922இல் கொண்டுவந்த சட்டத்தை நீதிமன்றம் செல்லாதென்றது. பிள்ளை அரசின் படைப்பு மட்டும் அல்ல என்பது அந்தத் தீர்ப்பில் எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் கருத்து. அதே தீர்ப்பில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு கருத்தும் உண்டு. பள்ளிகளை நியாயமான முறையில் ஒழுங்குபடுத்தவும், அவற்றையும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் பரிசோதிக்கவும் மாநிலத்துக்கு உள்ள அதிகாரத்தை இந்த வழக்கில் யாரும் கேள்வி கேட்கவில்லை என்று நீதிபதிகள் எழுதிவைத்தார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ‘பரிசோதிக்கவும்’ என்ற சொல்லுக்கு உயிர் வந்தது.

1970களில் இரண்டு வேறு திசைகளிலிருந்து குடும்பங்கள் பள்ளியைவிட்டு வெளியேறின. ஒருபக்கம் ஜோன் ஹோல்ட்டின் வாசகர்கள். பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள் என்று 1964இல் புத்தகம் எழுதிய பள்ளி ஆசிரியர் அவர். பரீட்சைப் பயம்தான் பிள்ளையின் மூளையை மூடுகிறது என்று வாதிட்டவர். 1977இல் வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்கென ஒரு செய்தி இதழைத் தொடங்கினார். மறுபக்கம், பிள்ளைக்கு வேதாகமத்தின்படி கல்வி தருவது தங்கள் கடமை என்று நம்பிய கிறிஸ்தவக் குடும்பங்கள். எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத ஆமிஷ் மக்களுக்குச் சார்பாக 1972இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அவர்களுக்குத் தெம்பளித்தது. 1980களின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் வீட்டுக்கல்விப் பெற்றோர்மேல் வழக்குகள் நடந்தன. சிலர் சிறைக்கும் போனார்கள். 1993 அளவில் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமாகிவிட்டது.

இவ்வளவு குறுகிய காலத்தில் இது நடந்ததற்கு ஒரு காரணம் பரீட்சை. கல்வி அதிகாரிகள் கேட்டது, தகுதிச் சான்றிதழ் பெற்ற ஆசிரியர். பெற்றோரிடம் அது இல்லை. பெரும்பாலோர் அதைப் பெற விரும்பவும் இல்லை. யார் கற்பிக்கிறார் என்பதை விட்டுவிட்டு, பிள்ளைக்கு என்ன தெரிகிறது என்பதைப் பார்ப்போம் என்பது நடுவில் கிடைத்த சமரசம். 1985இல் வட கரோலினாவின் உச்ச நீதிமன்றம், இருக்கிற சட்டம் வீட்டுக்கல்வியைத் தடுக்கவில்லை என்றது. 1988இல் சட்டமன்றம் புதுச் சட்டம் செய்தது: ஆண்டுக்கு ஒரு பரீட்சை, குறைந்தபட்சப் புள்ளி எதுவும் இல்லை, முடிவைப் பத்திரப்படுத்தி வைத்தால் போதும்.

தென் கரோலினா பெற்றோரையே பரீட்சைக்கு உட்காரவைத்தது. பட்டம் இல்லாத தாய் தகப்பன் வீட்டில் படிப்பிக்க வேண்டுமானால், ஆசிரியர் கல்விக்குச் சேரும் மாணவர் எழுதும் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். வீட்டில் படிப்பிக்கும் திறனை அந்தப் பரீட்சை அளக்கும் என்று நிறுவ மாநிலம் கையாண்ட முறை நியாயமானதல்ல என்று 1991இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

அர்க்கன்சோவில் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து மர்பி குடும்பம் வழக்குப் போட்டது. வீட்டுப் பிள்ளைகள் ஆண்டுதோறும் பரீட்சை எழுத வேண்டும், தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இது எந்த நியாயம் என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. 1988இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. பிள்ளை படிக்கிறதா என்று தெரிந்துகொள்ள அரசுக்கு உரிமை உண்டு; அதற்குப் பரீட்சையைவிடக் குறைவாகக் குடும்பத்தில் தலையிடும் வழி தங்களுக்குத் தெரியவில்லை என்றார்கள் நீதிபதிகள். பெற்றோர் நீதிமன்றத்தில் தோற்றாலும் பின்னாளில் சட்டமன்றத்தில் வென்றார்கள். 2015இல் அர்க்கன்சோ அந்தப் பரீட்சையை எடுத்துவிட்டது.

*

பரீட்சை எழுத வேண்டும் என்று முடிவானதும் அடுத்த கேள்வி வந்தது: எத்தனை எடுத்தால் போதும்? இங்கேதான் மாநிலத்துக்கு மாநிலம் எண் வேறுபடுகிறது. நியூயோர்க் 1988இல் கொண்டுவந்த விதி, 33ஆவது பெர்சென்டைலுக்கு மேல் என்றது. மினசோட்டாவில் 30க்குக் கீழே போனால் பிள்ளையை மேலும் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரிகனில் கோடு 15. மேற்கு வேர்ஜீனியா ஒருகாலத்தில் 40 கேட்டது. அதை எதிர்த்த வழக்கு 1993இல் தோற்றது. டெக்சாஸில் பரீட்சையே கட்டாயமில்லை.

வேர்ஜீனியா பெர்சென்டைலை விட்டு ‘ஸ்டனைன்’ என்ற அளவைப் பிடித்தது. இது இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ விமானப்படை ஆட்களைத் தெரிவதற்குப் பயன்படுத்திய ஒன்பது படி அளவுகோல். ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒற்றை இலக்கம் என்றால், துளையட்டையில் ஒரே பத்தியில் அடங்கிவிடும் என்பது அதன் வசதி. விமானியைத் தெரிந்தெடுத்த அளவுகோலில் நான்காம் படியை ஒரு வீட்டுப் பிள்ளை தொட வேண்டும். பெர்சென்டைல் கணக்கில் அது ஏறத்தாழ 23.

பெர்சென்டைலை நூற்றுவீதம் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் பலர். 33ஆவது பெர்சென்டைல் என்பது நூற்றுக்கு 33 புள்ளி அல்ல. பரீட்சை நிறுவனம் நாடெங்கும் சில ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதே வினாத்தாளைக் கொடுத்து முதலிலேயே ஒரு வரிசை தயாரித்து வைத்திருக்கும். உங்கள் பிள்ளையை அந்த வரிசையில் நிறுத்தினால், நூறு பேருக்கு 33 பேர் அவளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பாதிக் கேள்விக்குச் சரியாக எழுதியும் ஒரு பிள்ளை அந்தக் கோட்டுக்குக் கீழே போகலாம். மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது அது.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. வரிசையைத் தயாரித்த பள்ளிப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர், அந்த அளவின் வரைவிலக்கணப்படியே, கோட்டுக்குக் கீழேதான் இருந்தார்கள். யாரும் அவர்களைப் பள்ளியிலிருந்து வெளியேற்றவில்லை. அவர்களுடைய ஆசிரியர் கற்பிக்கத் தகுதியற்றவர் என்று கடிதமும் அனுப்பவில்லை. வீட்டில் படித்த பிள்ளை அதே இடத்தில் நின்றால் மட்டும், நியூயோர்க் விதிப்படி அந்த வீட்டின் கல்வித் திட்டம் தகுதிகாண் நிலைக்குப் போகும். அது இரண்டு ஆண்டு வரை நீளலாம். குறையை எப்படிச் சரிசெய்வது என்று பெற்றோர் எழுதித்தர வேண்டும். எல்லாரும் கோட்டுக்கு மேலே வர வேண்டும் என்று எந்தப் பள்ளியும் தன் பிள்ளைகளுக்கு உறுதி தர முடியாது. அப்படி வந்துவிட்டால் கோடே நகர்ந்துவிடும்.

கோடு நகராமல் கிடந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே காலத்து நிகழ்வொன்று காட்டியது. 1987இல் மேற்கு வேர்ஜீனியாவைச் சேர்ந்த ஜோன் கேனல் என்ற மருத்துவர் மாநிலங்களின் பரீட்சை அறிக்கைகளைத் திரட்டிப் பார்த்தார். எல்லா மாநிலங்களும் தங்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தேசிய சராசரிக்கு மேல் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தன. எல்லாரும் சராசரிக்கு மேல் எப்படி இருக்க முடியும்? ஒப்பீட்டு வரிசை பழையது என்பது ஒரு காரணம். பள்ளிகள் அதே வினாத்தாளைத் திரும்பத்திரும்பப் பயன்படுத்தி, வினாத்தாளுக்கென்றே கற்பித்தது இன்னொன்று. ஆக, வீட்டுப் பிள்ளையின் பக்கத்தில் நிறுத்தப்படுவது இன்று அடுத்த தெருப் பள்ளியில் இருக்கும் பிள்ளைகூட அல்ல. என்றோ ஒருநாள் வேறெங்கோ அந்தத் தாளை எழுதிய பிள்ளை.

ஆனால் நியூயோர்க் விதியில் ஒரு ‘அல்லது’ இருக்கிறது. 33க்கு மேல் இருக்க வேண்டும். அல்லது, முந்தைய பரீட்சையோடு பார்க்கும்போது பிள்ளை ஓர் ஆண்டு வளர்ச்சி காட்டியிருக்க வேண்டும். இந்த இரண்டாவது வாசலில் வரிசை இல்லை. போன வருடம் இதே பிள்ளை எங்கே நின்றது, இந்த வருடம் எங்கே நிற்கிறது என்பது மட்டும்தான். மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு, எழுத்துகள் இடம்மாறித் தெரியும் பிள்ளைக்கு, மொழி தெரியாமல் புதிதாக வந்திறங்கிய பிள்ளைக்கு, முதல் வாசல் மூடினாலும் இந்த வாசல் திறந்திருக்கும். நான் பார்த்த வீட்டுக்கல்விப் பரீட்சை விதிகளில் மனிதத்தன்மை உள்ள சொல் அந்த ‘அல்லது’தான்.

*

அதே 33ஐ உலகின் மறுபக்கத்தில், தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் ஒரு நாட்டிலும் காணலாம்.

சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2000ஆம் ஆண்டு அக்டோபரில் கட்டாயக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. 2003 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூர்க் குடியுரிமையுள்ள பிள்ளைகள் தேசியப் பள்ளிகளில் தொடக்கக் கல்வி பெற வேண்டும் என்பது சட்டம். விலக்குப் பெறக்கூடியவர்களில் மத்ரசா மாணவர்களும் வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் இருந்தார்கள். விலக்கின் விலை பரீட்சை. 1960 முதல் நடந்துவரும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை இவர்களும் எழுத வேண்டும். எழுதி, குறித்த அளவை எட்ட வேண்டும்.

அந்த அளவு இரண்டு தரப்புக்கும் ஒன்றாக வைக்கப்படவில்லை. வீட்டுப் பிள்ளைக்கு வைத்தது, அதே ஆண்டில் நான்கு பாடங்களையும் பொது நிலையில் எழுதும் தேசியப் பள்ளி மாணவர் அனைவரின் வரிசையில் 33ஆவது பெர்சென்டைல். மத்ரசாக்களுக்கு வைத்தது, மிகப் பின்தங்கிய ஆறு தேசியப் பள்ளிகளில் படிக்கும் மலாய் மாணவரின் சராசரி. மூன்றாண்டில் இரண்டு முறையாவது அதை எட்டாத மத்ரசா, முதலாம் வகுப்புக்குப் புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்க முடியாது. ஒரே நாடு, ஒரே பரீட்சை, ஒரே நாள். ஒப்பிடும் ஆள் மட்டும் வேறு. மத்ரசாவுக்கு வைத்த அளவைச் சலுகை என்று சொல்லலாம். ஒரு சமூகத்தை அதன் பின்தங்கிய மூலையோடு மட்டும் பொருத்திப் பார்த்தது என்றும் சொல்லலாம். இலங்கையின் 229ஐயும் 250ஐயும் அறிந்த நாம் இதைப் படிக்கும்போது ஒரு கணம் நிற்காமல் இருக்க முடியாது. ஆனால் இரண்டையும் சமன்படுத்திவிடவும் கூடாது. அங்கே நடந்தது, இருக்கிற சில நூறு இடங்களுக்கான போட்டியில் ஒரு சாராரைப் பின்தள்ளியது. இங்கே இடத்துக்குப் போட்டி இல்லை. இருக்கிற வழியில் தொடர்வதற்கான அனுமதி மட்டுமே.

அந்த நான்கு பாடங்களில் ஒன்று தாய்மொழி. ஆகவே சிங்கப்பூரில் வீட்டில் படிக்கும் தமிழ்ப் பிள்ளை பொதுவாகத் தமிழிலும் பரீட்சைக்கு உட்கார வேண்டும். உலகத்தில் வேறெந்த நாட்டு வீட்டுக்கல்விச் சட்டமும் பிள்ளையிடம் தமிழ் கேட்பதாக நான் அறியவில்லை. நியூயோர்க் விதியின் பாடப் பட்டியலில் இருமொழிக் கல்வி, தேவைப்படும் இடத்தில் என்று ஒரு வரி உண்டு. ஆனால் புள்ளி போடும் தாளில் தமிழ் இல்லை. அங்கே தமிழ் சொல்லிக்கொடுக்கத் தடையும் இல்லை, தூண்டுதலும் இல்லை.

சிங்கப்பூரில் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டதோடு தமிழ்வழிக் கல்வி முடிவுக்கு வந்தது. அதன்பின் அங்கே தமிழ் ஒரு பாடம், ஒரு தேர்வுத்தாள். பரீட்சை இருப்பதால்தான் பல வீடுகளில் தமிழ்ப் புத்தகம் திறக்கப்படுகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பரீட்சை கேட்கும் தமிழும் பாட்டி பேசும் தமிழும் வேறு. எழுத்துத் தமிழை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், பேசுகிற தமிழ் பாடத்துக்கு வெளியே நின்றுவிடும். வீட்டிலும் ஆங்கிலம் வந்துவிட்டால் அதற்கு நிற்க இடமே இராது. தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு 2005இல் பேச்சுத் தமிழையும் வகுப்பில் கற்பிக்க வேண்டும் என்று பரிந்துரைத்ததற்கு இதுவே பின்னணி. பரீட்சை எதைக் கேட்கிறதோ அது வாழும். கேட்காததை வாழவைக்க வேறு ஆள் வேண்டும்.

*

இதுவரை சொன்னதில் அரசு இருக்கிறது, பெற்றோர் இருக்கிறார்கள், நீதிபதிகள் இருக்கிறார்கள். பென்சிலைப் பிடித்து உட்கார்ந்த பிள்ளையைக் காணவில்லை. 1980களின் சமரசங்களில் கையெழுத்திட்டவர்கள் பெரியவர்கள். பரீட்சையை எதிர்த்த பெற்றோரும் விதித்த அதிகாரிகளும் தத்தம் உரிமையைப் பேசினார்கள்.

பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை அவ்வளவு நேராக இல்லை. டாரா வெஸ்டோவர் 2018இல் வெளியிட்ட ‘எஜுகேட்டட்’ என்ற தன்வரலாற்றைப் பலர் படித்திருப்பார்கள். ஐடஹோ மாநிலத்தின் மலையடிவாரத்தில், அரசை நம்பாத தகப்பனின் வீட்டில் வளர்ந்தவர். அந்த மாநிலத்தில் வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டாயம் இல்லை. அவர் முதன்முதலாக வகுப்பறையில் உட்கார்ந்தது பதினேழு வயதில். அந்த வகுப்பறைக்கு அவரைக் கொண்டுபோனதும் ஒரு தரப்படுத்தப்பட்ட பரீட்சைதான். கல்லூரி நுழைவுக்கான ஏசிடி பரீட்சைக்குத் தானே புத்தகம் வாங்கிப் படித்து எழுதி, பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றார். 2014இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டமும் பெற்றார். யாரும் விதிக்காத ஒரு பரீட்சை அவருக்கு வெளியே போகும் வழியானது. பத்து வயதில் யாராவது ஒருவர் வந்து, ‘இந்தப் பிள்ளைக்கு என்ன தெரிகிறது?’ என்று கேட்டிருந்தால் என்ற எண்ணம் அந்தப் புத்தகத்தைப் படிக்கும்போது எழாமல் போகாது.

அப்படியானால் பரீட்சை வேண்டுமா, வேண்டாமா என்று கேட்பது சரியான கேள்வி அல்ல என்றே எனக்குப் படுகிறது. மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். எண் வந்த பிறகு பிள்ளைக்கு என்ன நடக்கும், உதவியா தண்டனையா? அது கேட்காமல் விட்டது எது? அதைவிட முதலாவதாக, யாரோடு ஒப்பிட்டு?

மில்லின் பரீட்சையில் ஒப்பீடே இல்லை. வாசிக்கத் தெரியுமா என்பது மட்டும். அதில் ஒளிந்திருக்கும் நியாயம், பிள்ளையைக் கைவிட்ட வீட்டைக் கண்டுபிடிக்கும். மெதுவாகப் படிக்கும் பிள்ளையைக் குற்றவாளியாக்காது. பெர்சென்டைல் பரீட்சை இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறது. கற்பிக்கப்படாத பிள்ளையும், நன்றாகக் கற்பித்தும் தடுமாறும் பிள்ளையும் அதில் ஒரே இடத்தில் நிற்பார்கள். ‘ஓர் ஆண்டு வளர்ச்சி’ என்ற நியூயோர்க்கின் இரண்டாவது வாசல்தான் அவர்களைப் பிரித்துக் காட்டக்கூடியது. கைவிடப்பட்ட பிள்ளை வருடத்துக்கு வருடம் நின்ற இடத்தில் நிற்கும். தடுமாறும் பிள்ளை சிறிதேனும் நகர்ந்திருக்கும்.

இந்தக் கேள்விகள் நம் கைக்கும் எட்டும் இடம் ஒன்று உண்டு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் வாரஇறுதித் தமிழ்ப் பள்ளிகளில் நாமே பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கிறோம். சட்டம் எதுவும் நம்மைக் கேட்கவில்லை. வினாத்தாள், புள்ளி, வகுப்பேற்றம், பரிசளிப்பு எல்லாம் நாமே வகுத்துக்கொண்டவை. அந்தப் புள்ளி யாரோடு ஒப்பிடுகிறது? யாழ்ப்பாணத்தில் நாள் முழுவதும் தமிழில் படிக்கும் பத்து வயதுப் பிள்ளையோடா? வீட்டில் இரண்டு பேரும் தமிழ் பேசும் பக்கத்து மேசைப் பிள்ளையோடா? அல்லது, போன வருடம் அம்மம்மாவோடு தொலைபேசியில் ‘ஓம்’, ‘இல்லை’ என்பதற்குமேல் பேச முடியாமல் இருந்து, இந்த வருடம் தனக்குக் காய்ச்சல் வந்த கதையை முழுவதுமாகச் சொல்லி முடித்த அதே பிள்ளையோடா?

முதல் இரண்டு ஒப்பீட்டிலும் அந்தப் பிள்ளை 33க்குக் கீழேதான் இருக்கும். தமிழ் வகுப்பைவிட்டு விலகும் பிள்ளைகளில் பலர் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்று பார்த்துவிட்டுப் போனவர்கள். ஒரு மாநில அரசுக்குத் தோன்றிய ‘அல்லது’ நமக்குத் தோன்றாமல் போவதற்குக் காரணம் எதுவும் இல்லை.